மாமா பகலில் கொளுத்திய கூடுகள்

என் மாமா ஒரு புளுகர். இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஊர் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். அம்மாவின் கடைசித் தம்பி அவர். கப்பலில் வேலை பார்த்தவர். லீவில் வந்து நின்ற நேரம் சண்டையில் பாதை பூட்டுப்பட, திரும்பிப் போக வழியில்லாமல் எங்களோடேயே தங்கிவிட்டார். வவுனியா தாண்டினால்தான் கொழும்பு, கொழும்பு போனால்தான் கப்பல். ஏழு கடல் தாண்டின மனிதருக்கு வவுனியாவைத் தாண்ட முடியவில்லையே என்று அப்பா சாப்பாட்டு நேரங்களில் சொல்லிச் சிரிப்பார். மாமாவும் சேர்ந்து சிரிப்பார். சோறு போடுகிறவர் சிரித்தால் கூடச் சிரிக்கத்தானே வேண்டும்.

அவருடைய பெட்டிக்குள் ஒரு சீனக் கூடு இருந்தது. கூடு என்றால் எங்கள் பக்கத்தில் ஈர்க்கிலும் கம்பிலும் கடதாசி ஒட்டி உள்ளே விளக்கு வைக்கிறது. இயேசு பிறந்த நத்தாருக்கு நாங்களும் நட்சத்திரக் கூடு கட்டுவோம். மாமாவுடையது வேறு சாதி. நல்ல இரத்தச் சிவப்பு. மடித்தால் சாப்பாட்டுக் கோப்பை அளவு, விரித்தால் பூசணிக்காய். அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கொழும்பில் புறக்கோட்டைக் கடைகளில் இது கொள்ளை மலிவு மச்சான் என்றார். ஆனால் அந்தக் கூட்டுக்கு அவர் ஒரு கதை வைத்திருந்தார். ஒன்றா, மூன்று.

சீனாவில் வருடம் பிறந்து வருகிற முதல் பறுவத்தன்று, முழு நிலவு நாளில், கூட்டுத் திருநாளாம். வீட்டுக்கு வீடு, மரத்துக்கு மரம் சிவப்புக் கூடு தொங்குமாம். எப்படி வந்தது அந்தத் திருநாள் என்று நான் கேட்டேன். வானத்து ராசாவுக்கு ஒரு கொக்கு இருந்ததாம். அவர் பிள்ளை போல வளர்த்த கொக்கு. அது வழி தவறிக் கீழே ஓர் ஊரில் இறங்க, சனம் அதை அடித்துக் கொன்றுவிட்டது. ராசாவுக்கு வந்தது கோபம். வருகிற பறுவத்தன்று அந்த ஊரைக் கொளுத்திச் சாம்பலாக்கிவிட்டு வாருங்கள் என்று படைக்குக் கட்டளை போட்டார். அவருடைய மகளுக்கு மனம் பொறுக்கவில்லை. களவாக வந்து ஊருக்குச் சொல்லிவிட்டாள். ஊர் குழறி அழுதது. அப்போது ஒரு கிழவன் சொன்னானாம், எல்லோரும் வாசலில் சிவப்புக் கூடு கட்டுங்கள், முற்றத்தில் நெருப்பு மூட்டுங்கள், வெடி கொளுத்துங்கள் என்று. பறுவத்தன்று வானத்துப் படை எட்டிப் பார்த்தது. கீழே ஊர் முழுக்கச் சிவப்பு. இது முதலே எரியுது, இனி நாங்கள் என்னத்தை எரிக்கிறது என்று திரும்பிப் போய்விட்டதாம்.

அந்தக் கதை எனக்கு நன்றாகப் பிடித்தது. எங்களுக்கும் குண்டு போட வருகிற விமானத்துக்காக மேலே பார்த்துப் பழக்கம்தானே. ஆனால் அடுத்த கிழமை அதே மாமா வேறு கதை சொன்னார். அரண்மனைக் குசினியில் வேலை செய்த ஒரு பெட்டை, தாய் தகப்பனைக் காணமுடியாத துக்கத்தில் கிணற்றில் குதிக்கப் போனாளாம். அதைக் கண்ட ஒரு மந்திரி, நெருப்புத் தேவன் நகரத்தை எரிக்க வருகிறான் என்று ஒரு புளுகை அவிழ்த்து விட்டான். ராசா பயந்துபோனார். தேவனுக்குப் பிடித்த இனிப்பு உருண்டை அவிக்க வேண்டும், நகரம் முழுக்கக் கூடு கட்ட வேண்டும், வெளியூர்ச் சனத்தையும் பார்க்க விட வேண்டும் என்றான் மந்திரி. அந்தக் கூட்டத்துக்குள் தாயும் தகப்பனும் வந்தார்கள். மகளுடைய பெயர் எழுதின கூட்டைக் கண்டு கூப்பிட்டார்கள். அதுதான் திருநாளாம்.

மூன்றாவது கதையைக் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் சொன்னார். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தின ஒரு ராசா விண்ணகத்துக்கு விடிய விடிய விளக்கு வைத்தாராம். பிறகு வந்த இன்னொரு ராசா, புத்த பிக்குகள் விளக்கு வைப்பதைக் கேள்விப்பட்டு, சனம் எல்லாம் வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டாராம். புத்தகத்தில் இருப்பது இதுதான் என்றார்.

நான் விடவில்லை. இதில் எது உண்மை, அந்த மந்திரி பொய்தானே சொன்னான், பொய் பாவமில்லையா என்று குடைந்தேன். ஒரு திருநாள் நிலைக்கிறதெண்டால் ஒரு காரணம் காணாது, இரண்டு மூன்று வேணும் பிள்ளை என்றார். பொய் பாவம்தான், அந்த மந்திரியும் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருப்பான் என்றார். சீனத்து மந்திரி எந்தக் கோயிலில் போய் முழந்தாளிட்டான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் கதை இருந்திருக்கும்.

சீனத் திருநாள் வருகிற மாசிப் பறுவம் அந்த வருடம் தவக்காலத்துக்குள் வந்தது. மாமா பூவரசங்கம்பு வெட்டி, நத்தாருக்கு மிஞ்சின சிவப்புத் தாளைக் கஞ்சியால் ஒட்டி, தன்னுடைய கூட்டைப் பார்த்துப் பார்த்துச் சின்னக் கூடுகள் கட்டத் தொடங்கினார். நானும் கூட இருந்து கட்டினேன். கர்த்தர் பாடுபடுகிற காலத்தில் சிவப்புக் கூடு கட்டுகிறதோ என்று அம்மா இருவரையும் பேசினா. கட்டத்தான் போகிறோம் அக்கா, கொளுத்தமாட்டோம் என்றார் மாமா. அதுவும் சரிதான், கொளுத்த எண்ணெய் எங்கே? மண்ணெண்ணெய் அப்போது மருந்து மாதிரி. பழைய ஜாம் போத்தலுக்குள் அடியில் கொஞ்சம் விட்டு, பஞ்சு போட்டு, ஒரு விளக்கில்தான் வீடே சாப்பிடும். அப்படிக் கூடுகள் எல்லாம் விளக்குச் சிரட்டையோடும் திரியோடும் கொட்டிலின் மூலையில் கிடந்தன.

எங்கள் ஊர் முல்லைத்தீவுக்கு வடக்கே, கடலுக்கும் களப்பு என்கிற உப்பங்கழிக்கும் நடுவில் கிடந்த மணல். கொக்கிளாய்ப் பக்கமிருந்து எழும்பி வந்த சனம் நாங்கள். களப்பு கடலோடு சேருகிற தொடுவாய்க்குப் பக்கத்தில் ஒரு குறிச்சி இருந்தது. ஒரு மத்தியானம் கடல் பக்கமிருந்து வந்து விழுந்த ஷெல்லில் அது முழுக்க எரிந்துபோனது. அதற்குப் பிறகு அதற்குப் பெயரே எரிஞ்ச குறிச்சி. கதவு இல்லாத நிலைகளும் கருகின கப்புத் தூண்களும் மட்டும் நின்றன. சிறுவர்கள் அங்கே போகக் கூடாது. போகச் சொன்னாலும் போகமாட்டோம்.

அந்தக் குறிச்சியின் கடைசி வீடு பெரியப்பாவுடையது. அப்பாவின் தமையன். அந்த மத்தியானம் அவர் அப்பாவோடு கடலில் நின்றார். வீட்டில் பெரியம்மாவும் என்னோடு விளையாடின இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். மாதா சுரூபத்துக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடிக் குவளையில் தேங்காயெண்ணெய் விட்டு, கடலுக்குப் போனவர்கள் வரும்வரை அணையாமல் பார்க்கிறது பெரியம்மாவின் வழக்கம். அன்றைக்கும் பார்த்திருப்பா.

அதற்குப் பிறகு பெரியப்பா எங்களோடுதான் இருந்தார். எங்களோடு என்று சொன்னாலும் அவர் இருந்தது எங்கேயோ. கேட்டதற்குத் தலையாட்டுவார். போட்டதைத் தின்பார், உப்பா உறைப்பா என்று பாரார். தொழிலுக்குப் போவார், வருவார். செத்த வீட்டில்கூட அவர் அழவில்லை என்று அம்மா கவலைப்படுவா. விடியப்புறம் வள்ளத்துக்குப் போகும்போது மட்டும் அவருடைய குரல் கேட்கும். தன்னுடைய எரிந்த வீட்டு நிலைக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று, போட்டு வாறன் என்று சொல்லிவிட்டுப் போவார். சொல்லிவிட்டு, பதில் வரும்வரை நிற்பாராம். அப்பா அதை அம்மாவிடம் சொன்னபோது நான் நித்திரை போலக் கிடந்தேன்.

அது நடந்தது பறுவம் கழிந்து இரண்டு மூன்று நாளில். விடியப்புறம் போன வள்ளங்கள் திரும்ப முன்னமே கடற்படையின் ரோந்துப் படகு ஒன்று வந்து தொடுவாய்க்கு வெளியே நின்றுவிட்டது. மற்றவர்கள் எப்படியோ கரை பிடித்தார்கள். அப்பாவும் பெரியப்பாவும் போன வள்ளம் மட்டும் வரவில்லை. எஞ்சினுக்கு எண்ணெய் இல்லாத காலம், துடுப்பும் பாயும்தான். பின்னேரமாகியும் காணவில்லை. பறுவம் கழிந்த நாட்களில் பொழுது பட்டு நிலவு எழும்புமுன் கொஞ்ச நேரம் கும்மிருட்டாக இருக்கும். அந்த இருட்டுக்குள் வந்தால் வந்ததுதான். நிலவு எழும்பினால் கடல் வெள்ளித் தட்டு. ஒரு துடுப்புக்கூடத் தெரியும். ஆனால் இருட்டுக்குள் தொடுவாயை எப்படிப் பிடிப்பது? முந்தியென்றால் கரையில் தென்னோலைச் சூள் கொளுத்திப் பிடிப்பார்கள். இப்போது கரையில் ஒரு நெருப்புக்குச்சி உரசினாலும் ஷெல் வரும்.

பெண்கள் எல்லோரும் கரையில் ஒரு வெளிச்சமும் இல்லாமல் செபமாலை சொல்லிக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் மாமா அந்தக் கொக்குக் கதையை எடுத்தார். எரிஞ்ச குறிச்சி தொடுவாய்க்குப் பக்கத்தில்தானே இருக்கிறது. அங்கே சிவப்புக் கூடு கட்டினால் படகில் இருக்கிறவன் ஏதோ முதலே எரியுது என்று விட்டுவிடுவான். அத்தானுக்கு வழி தெரியும். ஷெல் வந்தாலும் அங்கே சாக ஆர் இருக்கினம் என்றார். அம்மா ஓடிப் போய், வீட்டில் இருந்த மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்து அவருடைய கையில் கொடுத்தா. தவக்காலத்தைப் பற்றி அன்றைக்கு ஒரு சொல் சொல்லவில்லை.

கூடுகள் ஓராள் கொண்டுபோகிற அளவில் இல்லை. பாதியை நான் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். என்னை ஒருவரும் போ என்று சொல்லவில்லை. போகாதே என்று சொல்ல அம்மாவுக்கு நினைவும் இல்லை. எங்கள் நாயும் வந்தது. அது பெரியம்மா வளர்த்த நாய். எரிந்த பிறகு எங்களிடம் வந்துவிட்டது. குறிச்சிக்குள் கால் வைக்காது.

குறிச்சியின் தொடக்கத்தில் ஒரு கிணறு. அந்தக் கிணற்றடியில் என்னை நிற்கச் சொல்லிவிட்டு மாமா உள்ளே போனார். ஒவ்வொரு கப்பாகக் கூடுகளைக் கட்டிக்கொண்டு போவது இருட்டுக்குள் அரைகுறையாகத் தெரிந்தது. முதலில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு, பிறகு ஒரே ஓட்டமாகக் கொளுத்திக்கொண்டு வருவதுதான் அவருடைய எண்ணம். பெரியப்பாவின் வீடுவரை அவர் போகவில்லை. நடுவில் நிற்கும்போது கடலில் எஞ்சின் சத்தம் கேட்டது. கிட்டத்தில் கேட்டது. மாமா நின்ற இடத்திலேயே குந்திவிட்டார். பிறகு தவழ்ந்து தவழ்ந்து கிணற்றடிக்கு வந்து என் பக்கத்தில் இருந்தார்.

“கை வரேல்ல பிள்ளை,” என்றார்.

நெருப்புப்பெட்டி அவருடைய கைக்குள் நசிந்து போயிருந்தது. நாங்கள் இருவரும் அங்கேயே இருந்தோம். மாதா சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் குறிச்சியில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. கட்டின கூடுகளே கண்ணுக்குத் தெரியவில்லை. நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் கண்ணை எடுத்தால் அப்பா செத்துப்போவார் என்று எனக்குள் ஒரு எண்ணம்.

அப்போது நாய் எழும்பியது. குறிச்சிப் பக்கம் முகத்தைத் தூக்கிப் பார்த்தது. குரைக்கவில்லை, முனகவில்லை. வாலை ஆட்டியது. வீட்டுக்காரர் தெருவில் வருவதைக் கண்டால் ஆட்டுமே, அந்த ஆட்டல். என்னென்று தெரியாமல் நான் மாமா கட்டியிருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டேன். அவரும் நாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் தொடுவாய்ப் பக்கம் துடுப்புச் சத்தம் கேட்டது. வள்ளம் உள்ளே வந்துவிட்டது.

நாங்கள் ஓடிப்போனபோது அப்பா மணலில் மல்லாந்து கிடந்தார். அம்மா அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தா. ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றது பெரியப்பாவை. அவர் கதைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாகத் தலையாட்டினவர், மூச்சு விடாமல் கதைத்தார். நடுக்கடலில் திசை விட்டுப்போனதாம். வலமோ இடமோ தெரியவில்லையாம். வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் நின்று பார்க்க, கரையில் ஒரு வெளிச்சம் தெரிந்ததாம். சிவப்பு வெளிச்சம். கிட்ட வர வரப் பெருத்ததாம்.

“அவள் விளக்கு வைச்சுக்கொண்டு பாத்திருக்கிறாள்,” என்றார். “நேரம் போட்டுது. நான் வீட்டை போகோணும்.”

அவருடைய முகத்தில் பைத்தியம் ஒன்றும் இல்லை. பசியோடு வீட்டுக்குப் போகிற மனிதரின் முகம். அது சிரித்த முகம். அதுதான் என்னைப் பயப்படுத்தியது. ஈர உடுப்போடு எரிஞ்ச குறிச்சிப் பக்கம் நடக்கத் தொடங்கினார். அப்பா எழும்பி ஓடிப்போய்க் கையைப் பிடிக்க, அண்ணன் தம்பியின் கையை மெதுவாகத்தான் எடுத்துவிட்டார். பிடித்து வைக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. அப்பா அம்மாவிடம் இரகசியமாகச் சொன்னதை, அம்மாவின் சேலைக்குள் நின்ற நானும் கேட்டேன். தனக்கு ஒரு வெளிச்சமும் தெரியவில்லை, அண்ணன் கையைக் காட்டின பக்கம் துடுப்பு வலித்தது மட்டும்தான் என்றார்.

அப்போது மாமா குறுக்கே போய் நின்றார்.

“பெரியத்தான், அது நான் கொளுத்தின கூடு.”

பெரியப்பா நின்றார். நீயோ என்று கேட்டார். ஓம் என்றார் மாமா. சிவப்பாக இருந்ததே என்றார் பெரியப்பா. சீனக் கூடு சிவப்புத்தானே, பிள்ளையும் கூட வந்தவள், கேட்டுப் பாருங்கோ என்றார் மாமா. சொல்லிக்கொண்டே வந்து என் தோளில் கை வைத்தார். அந்த விரல்கள் எலும்புவரை இறங்கின. பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன்; சத்தம் வரவில்லை. அதை அவர் ஓம் என்று எடுத்துக்கொண்டார்.

சிரிப்பு அவருடைய முகத்தை விட்டுப் போனது. அப்படியே மணலில் இருந்தார். இருந்து அழுதார். பெரியம்மாவின் பெயரைச் சொல்லி, பிள்ளைகளின் பெயரைச் சொல்லி, வாயால் மூக்கால் வழிய அழுதார். அழட்டும், அழட்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டு தானும் அழுதா. நிலவு எழும்பும்போதும் அவர் ஓயவில்லை. கடைசியில், விடிந்ததும் அந்தக் கூடுகளைத் தான் பார்க்க வேண்டும் என்றார். காட்டுகிறேன் என்றார் மாமா.

விடிய எழும்பிப் பார்த்தால் மாமாவைக் காணவில்லை. மண்ணெண்ணெய்ப் போத்தலையும் காணவில்லை. எனக்கு விளங்கிவிட்டது அவர் எங்கே என்று. ஏன் என்றுதான் விளங்கவில்லை. கிணற்றடிவரை போனேன். நல்ல வெய்யில் எறித்துக்கொண்டிருந்தது. அந்த வெய்யிலுக்குள் மாமா ஒவ்வொரு கூடாகக் கொளுத்திக்கொண்டு போனார். பட்டப்பகலில் வெளிச்சம்கூடத் தெரியாது. கடதாசிக்கு மேலே காற்று நடுங்குவதுதான் தெரியும். திரி கருகி முடியும்வரை நின்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனார். வீடே ஒரு மாதம் விளக்கு வைத்துச் சாப்பிடுகிற எண்ணெய். பகல் வெளிச்சம் இருக்க ஒரு மனிதர் அதை வீணாக எரிக்கிறார்.

குறிச்சிக்குள் முதல் தரம் அன்றைக்குத்தான் கால் வைத்தேன். கடைசியில் பெரியப்பாவின் வீடு. மாமா தன்னுடைய சொந்தச் சீனக் கூட்டை அந்த நிலையில் கட்டினார். கொளுத்த முன்னமே இருவரும் நின்றுவிட்டோம். உள்ளேயிருந்து மணம் வந்தது. இப்போதுதான் ஊதி அணைத்த திரியின் மணம். எங்கள் போத்தலில் இருந்தது மண்ணெண்ணெய். அங்கே மணத்தது தேங்காயெண்ணெய்.

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். நிலையைத் தாண்டி ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர் தன்னுடைய கூட்டைக் கொளுத்தி, அந்த மணம் தெரியாமல் நிலையடியில் மண்ணெண்ணெயையும் கொஞ்சம் சிந்தினார். பிறகு எனக்கு முன்னால் குந்தி இருந்து, நீ ஒண்டும் காணேல்ல, ஒண்டும் மணக்கேல்ல என்றார். அது கட்டளையா கெஞ்சலா என்று சொல்லத் தெரியவில்லை.

பெரியப்பா வந்தார். ஒவ்வொரு கூடாகப் பார்த்தார். கருகின திரியை விரலால் தொட்டு மணந்து பார்த்தார். மாமா கொக்குக் கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டு பின்னால் நடந்தார். தன் வீட்டு நிலைக்கு முன்னால் பெரியப்பா நிறைய நேரம் நின்றார். சரி, வாங்கோ போவம் என்று அவரேதான் முதலில் திரும்பினார். அதற்குப் பிறகு விடியப்புறங்களில் அந்த வழியால் அவர் போனதில்லை.

ஊரில் மாமாவுக்கு மரியாதை கூடிவிட்டது. அப்பா புறக்கோட்டைக் கதையை விட்டுவிட்டு, சீனாவில் இன்னும் என்ன விசேஷம் மச்சான் என்று கேட்கத் தொடங்கினார். மாமாதான் கதை சொல்வதைக் குறைத்துவிட்டார். எனக்கோ அடங்காத கோபம். எத்தனை புளுகையும் பொறுக்கலாம், இது களவு. பெரியம்மா வைத்த விளக்கை இந்த மனிதர் தன்னுடையது என்று சொல்லி ஊரெல்லாம் நல்ல பெயர் வாங்குகிறார். பயந்து தவழ்ந்து வந்ததை நான் கண்டேன். நாய் வாலாட்டினதைக் கண்டேன். பெரியப்பாவிடம் ஒரு நாளைக்குச் சொல்லியே தீருவது என்று முடிவெடுத்தேன். பாவம் அந்த மனிதர், தனக்கு ஆர் விளக்குப் பிடித்தது என்றே தெரியாமல் இருக்கிறாரே.

சொல்ல முன்னம் மாமாவிடம் நேரே கேட்டுவிடவேண்டும் என்று, வலை காய்கிற இடத்தில் அவரைப் பிடித்தேன். பெரியம்மாதானே கொளுத்தினவா என்று கேட்டேன். இதற்கும் ஒரு சீனக் கதை வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் சுற்றிவர ஒருவரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

“ஓம்,” என்றார்.

“பிறகேன் நீங்கள் எண்டு சொன்னனீங்கள்?”

“அதாலதான் பிள்ளை.”

அதாலதான் என்றால் எதனால்? இது ஒரு மறுமொழியா? பெரிய கள்ளன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு, அன்றைக்கே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவது என்று வீட்டுக்கு ஓடினேன். குசினிக்குள் பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மீன் நல்ல உறைப்பு என்று அம்மாவிடம் குறை சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லிக் கோப்பையை நீட்டினார்.